இழப்பு வரிசையில் இருப்பது 4. மீதி 71 எங்கே?

ஒரு நாட்டுக்குள் எவ்வளவு எரிசக்தி வந்தது, எப்படி மாறியது, எங்கே போனது என்று காட்டுவது எரிசக்தி சமநிலை அட்டவணை. அதைத் திறந்ததும் பலரும் நேராக ‘இழப்புகள்’ என்ற வரிசைக்குப் போய், அங்கே இருக்கும் எண்ணையே முழு இழப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வரிசையில் பெரும்பாலும் லைன் லாஸ், அதாவது மின்கம்பிகளில் வீணாகும் மின்சாரம்தான் இருக்கும். பெரிய இழப்பு சில வரிசைகள் மேலே, ‘மின் நிலையங்கள்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நிலக்கரி மின் நிலையத்தை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி தரும் உள்நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போவது 2,800 கிலோ கலோரி. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. ஆக 100 உள்ளே போனால் 31 மின்சாரமாக வருகிறது. அட்டவணையில் ஒவ்வொரு எரிபொருளுக்கும் ஒரு பத்தி: நிலக்கரிப் பத்தியில் −100, மின்சாரப் பத்தியில் +31, கடைசி ‘மொத்தம்’ பத்தியில் −69. அந்த −69தான் புகைபோக்கியிலும், நீராவியைக் குளிரவைக்கும் கண்டென்சரிலும் போன வெப்பம். பிறகு நிலையத்தின் பம்பு, மின்விசிறி, அரவை இயந்திரங்களுக்கு 2 போகும். அது ‘எரிசக்தித் துறையின் சொந்தப் பயன்பாடு’ என்ற வரிசை. கம்பியில் 4 போகும். வீட்டுக்கு வருவது 25. மூன்று வரிசைகளையும் கூட்டினால்தான் 75 என்ற முழு இழப்பு தெரியும்.

கணக்கைத் தொடங்கும் முன் அலகை ஒன்றாக்குங்கள். இந்த அட்டவணைகளில் அடிக்கடி வரும் அலகான ஒரு டன் எண்ணெய்ச் சமானம் என்பது 41.868 ஜிகா ஜூல், அதாவது 11,630 யூனிட். ஒரு கோடி யூனிட் மின்சாரம் 860 டன் எண்ணெய்ச் சமானம். குறிகளையும் கவனியுங்கள்: ஏற்றுமதி கழித்தல், கையிருப்பிலிருந்து எடுத்தால் கூட்டல், கையிருப்பு சேர்ந்தால் கழித்தல். இந்தக் கடைசியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

அதிகம் படுத்துவது கலோரி மதிப்பு, அதாவது ஒரு கிலோ எரிபொருள் தரும் வெப்பம். எரியும்போது உண்டாகும் நீராவியோடு போகும் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்த மதிப்பு, கழித்தால் நிகர மதிப்பு. சர்வதேச எரிசக்தி முகமை நிகர மதிப்பில் கணக்கிடுகிறது. நம் அனல் மின் நிலையங்கள் மொத்த மதிப்பில் பேசுகின்றன. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் இடைவெளி ஏறக்குறைய 5 சதவீதம், இயற்கை எரிவாயுவுக்கு 10. இரண்டையும் கலந்தால் நிலையத்தின் திறன் காரணமே இல்லாமல் ஏறும் அல்லது இறங்கும். சுரங்கத்தில் ஜி11 தரம் என்று எழுதிய நிலக்கரி (4,000 முதல் 4,300 கிலோ கலோரி) நிலையத்துக்கு வரும்போது அதைவிடக் குறைவாக அளவிடப்படுவதும் உண்டு. எந்த இடத்து எண் என்று ஓரத்தில் குறித்து வைக்காவிட்டால் பிறகு தேடித் தேடி அலுத்துவிடும்.

அணுமின்சாரத்தில் இன்னொரு பொறி. கூடங்குளத்தில் ஒரு யூனிட் உற்பத்தியானால் 33 சதவீதத் திறன் என்ற மரபுப்படி மூன்று யூனிட் வெப்பமாக வரவு வைப்பார்கள். முப்பந்தல் காற்றாலையின் ஒரு யூனிட் ஒரு யூனிட்டாகவே ஏறும். அதனால் நிலக்கரிக்குப் பதில் காற்று வந்தால், மக்கள் அதே அளவு மின்சாரம் எரித்தாலும் நாட்டின் மொத்த வழங்கல் குறைந்ததுபோல் தெரியும். இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது இதையும், விறகுக்கும் சாணத்துக்கும் பத்தி இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் தயாரிக்கப் போகும் நாப்தா என்ற பெட்ரோலியப் பொருள், சாலைக்குப் போகும் தார் எல்லாம் ‘எரிசக்தி அல்லாத பயன்பாடு’. அவற்றை இழப்பில் சேர்க்காதீர்கள்.

லைன் லாஸ் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகளுக்கு மின்சாரம் இலவசம். பெரும்பாலானவற்றில் மீட்டர் இல்லை. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்துத்தான் பயன்பாட்டை மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டைக் கூட்டினால் விவசாய வரிசை ஏறும், லைன் லாஸ் அதே அளவு இறங்கும். கம்பியில் எதுவும் மாறியிருக்காது. வசூலாகாத பில்லையும் சேர்த்துச் சொல்லும் ‘ஏடி அண்ட் சி’ (மொத்தத் தொழில்நுட்ப, வணிக இழப்பு) சதவீதத்தை இங்கே கொண்டுவந்து போடவும் கூடாது. பணம் வராத யூனிட்டும் யாரோ எரித்த யூனிட்தான்.

கடைசியாக, வழங்கலுக்கும் பயன்பாட்டுக்கும் இடையே கணக்கில் வராத இடைவெளியைக் காட்டும் ‘புள்ளியியல் வேறுபாடு’ வரிசை. சிறிய எண் இருந்தால் இயல்பு. எல்லாப் பத்திகளிலும் சுத்தமாகப் பூஜ்ஜியம் என்றால், இடைவெளியை யாரோ ‘பிற பயன்பாடு’ வரிசையில் தள்ளி அடைத்திருக்கலாம். முந்தைய சில ஆண்டுகளின் அந்த வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திடீரென்று ஏறிய ஆண்டு கண்ணில் படும்.