ஈரமான ஒரு மலையூர்

உக்ரைனின் டிரான்ஸ்கார்பாத்தியா மலைப்பகுதியில் நிமெட்ஸ்கா மோக்ரா என்று ஒரு சின்ன ஊர். நிமெட்ஸ்கா என்றால் ஜெர்மன். மோக்ரா என்றால் ஈரம். இரண்டு நாளாக இந்த ஊர் என் மனதைவிட்டுப் போகவில்லை.

1775-இல், ஆஸ்திரிய அரசி மரியா தெரசா ஆண்ட காலத்தில், ஆஸ்திரியாவின் சால்ஸ்காமர்கூட் பகுதியிலிருந்து மரம்வெட்டிகள் குடும்பத்தோடு வந்து உண்டாக்கிய ஊர். கீழே உப்புச் சுரங்கங்களுக்கு மரம் வேண்டும். மலையிலிருந்து எப்படி இறக்குவது? ஓடையின் குறுக்கே மரத்தாலேயே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். மதகைத் திறந்ததும் பாய்கிற வெள்ளம் வெட்டிப்போட்ட தடிகளை எல்லாம் உருட்டிப் புரட்டி தெரெஸ்வா ஆற்றுக்கு இழுத்துப்போகும். என்ன ஒரு யோசனை!

ஊர் அங்கேயே இருந்தது, நாடுதான் மாறிக்கொண்டே இருந்தது: ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, மறுபடி ஹங்கேரி, அப்புறம் சோவியத். கூடக் கொண்டுவந்த ஆஸ்திரிய ஜெர்மன் பேச்சுவழக்கை மட்டும் வீட்டுக்குள் விடாமல் பேசிவந்தார்கள்.

1946-இல் சோவியத் அதிகாரிகள் இந்த ஜெர்மானியக் குடும்பங்களைச் சைபீரியாவுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். ஊருக்குப் பெயரும் கொம்சொமோல்ஸ்க் என்று மாறியது. பல வருடம் கழித்துத் திரும்பியவர்கள், தங்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதைப் பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2016-இல் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. அதற்குள் அந்தக் குடும்பங்களில் பலர் ஜெர்மனிக்குப் போய்விட்டிருந்தார்கள்.