நாலு டிராக், இரண்டு குரல்: எலியட் ஸ்மித் கேட்கும் நாட்குறிப்பு

12 அக்டோபர் 2024, சனி

அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித்தை முதலிலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். இன்று முதல் ஆல்பம் 'ரோமன் கேண்டில்', 1994. போர்ட்லாந்தில் ஒரு வீட்டின் நிலவறையில் நாலு டிராக் கருவியில், அதாவது நான்கு ஒலித்தடங்களை மட்டும் தனித்தனியே பதிந்து சேர்க்கும் கருவியில், பதிந்தது. அப்போது அவர் ஹீட்மைசர் என்ற ராக் குழுவிலும் இருந்தார். அங்கே எலக்ட்ரிக் கிட்டாரின் இரைச்சலுக்கு மேல் பாட வேண்டும். இங்கே, பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல் பாடுகிறார். கம்பியில் விரல் வழுக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. நான்கு பாட்டுகளுக்குப் பெயரே இல்லை, 'நோ நேம்' என்று போட்டு எண் மட்டும்.

13 அக்டோபர், ஞாயிறு

அவ்வளவு மெல்லிய குரல் எப்படி இவ்வளவு நிறைந்து ஒலிக்கிறது? ஒரே வரியை இரண்டு முறை பாடி, ஒன்றின் மேல் ஒன்றை வைக்கிறார். இன்று போனில் நானே செய்து பார்த்தேன். மூச்சு எடுக்கும் இடம் மாறிப்போனது. 'ச' வரும் இடமெல்லாம் இரண்டு தடவை சீறியது. எட்டாவது முயற்சியில்தான் ஒரு வரி சேர்ந்தது. ஒரே ஒரு வரி! அவர் பாட்டு முழுக்க இதைச் செய்கிறார். சோகப் பாடகர் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்கள் இந்த உழைப்பைக் கேட்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

17 அக்டோபர், வியாழன்

'ஈதர்/ஆர்', 1997. டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார்டின் நூல் பெயர். கல்லூரியில் தத்துவம் படித்தவர். அதே ஆண்டு இயக்குநர் கஸ் வான் சாண்ட் 'குட் வில் ஹன்டிங்' படத்தில் இவர் பாட்டுகளைச் சேர்த்தார். அதில் 'மிஸ் மிசரி' ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 23 மார்ச் 1998, ஆஸ்கர் மேடை, வெள்ளை கோட், கையில் ஒரு கிட்டார், பின்னால் முழு ஆர்க்கெஸ்ட்ரா. பாட்டைச் சுருக்கித்தான் பாட விட்டார்கள். விருது 'டைட்டானிக்' பாட்டுக்குப் போனது. வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். நிலவறையில் பாடிய அதே சத்தத்தில்தான் அங்கேயும் பாடுகிறார், ஒரு துளி கூட்டவில்லை. மேடைக்குப் பின்னால், 'டைட்டானிக்' பாட்டைப் பாடிய செலின் டியான் தன்னிடம் அன்பாக நடந்துகொண்டதைப் பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

20 அக்டோபர், ஞாயிறு

ட்ரீம்வர்க்ஸ் என்ற பெரிய இசை நிறுவனத்துக்குப் போன பிறகு வந்தவை 'எக்ஸ்ஓ' (1998), 'ஃபிகர் 8' (2000). பியானோ, டிரம்ஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் உண்டு. பெரிய ஸ்டுடியோ அவரைக் கெடுத்துவிட்டது என்பவர்களுக்கு 'எக்ஸ்ஓ'வின் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டுவேன். வாத்தியமே கிடையாது. தன் குரல் மேல் தன் குரலை அடுக்கிக்கொண்டே போகிறார். நாலு டிராக்கில் பழகிய கைதான் அது.

21 அக்டோபர், திங்கள்

2003இல் இதே நாளில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார், வயது 34. அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். இன்று எதையும் திறக்கவில்லை. முடிக்காமல் விட்டுப்போன பாட்டுகளை நண்பர்கள் சேர்த்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். அந்த ஆல்பத்தின் பெயரிலும் ஒரு நிலவறை இருக்கிறது.

இரவில் மறுபடி 'ரோமன் கேண்டில்'. பெயரில்லாத நான்கையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மூன்றாவதை மட்டும் இரண்டு முறை.