பாஸுக்கு 12 நிமிடம்

ராத்திரி எட்டு மணி இருக்கும். பதினொன்றாம் வகுப்பு மகன் வணிகக் கணித நோட்டோடு வந்து நின்றான். பாடம், தொடர்புப் போக்கு. நாங்கள் படித்தபோது ரெக்ரஷன் என்போம். அகராதியில் தேடினால் 'பின்னடைவு' என்றும் இருக்கும். அன்று எங்கள் வீட்டில் நடந்ததற்கு அந்தப் பெயர்தான் பொருந்தும்.

ஐந்து மாணவர்கள். தினமும் 1, 2, 3, 4, 5 மணி நேரம் படிக்கிறார்கள். மார்க் முறையே 40, 50, 55, 65, 70. மணி நேரம் எக்ஸ், மார்க் ஒய். எக்ஸை வைத்து ஒய்யைச் சொல்லும் நேர்க்கோட்டுச் சமன்பாடு வேண்டும்.

"கையால போட்டா ஒரு பக்கம் போகும்ப்பா."

"கையாலயா? இருடா" என்று பரணில் ஏறி என் பழைய கேசியோ 82எம்எஸ் கால்குலேட்டரை இறக்கினேன். மூடியில் காம்பஸ் முனையால் கீறிய என் காலேஜ் ரோல் நம்பர். உள்ளே பேட்டரி பச்சை பூத்துக் கிடந்தது. கைக்கு எட்டிய இடத்திலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். உயிர் வந்துவிட்டது.

மோட், 3, 1. பிறகு 1, கமா, 40, எம் ப்ளஸ். விரல்கள் மறக்கவே இல்லை. ஷிஃப்ட் 2 தட்டி அம்புக்குறியை நகர்த்தினால் ஏ 33.5, பி 7.5.

"ஒய் சமம் 33.5 எக்ஸ் கூட்டல் 7.5. எழுதிக்கோ."

அவன் எழுதவில்லை. "3 மணி நேரம் படிச்சவனுக்கு 108 வருதே? கணக்குல 55தானேப்பா?"

பள்ளிக்கூடத்தில் எக்ஸோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஏ. கேசியோவில் ஏ தனியாக நிற்கும், எக்ஸோடு இருப்பது பி. இருபது வருடத்தில் இதை மட்டும் மறந்திருக்கிறேன்.

அடுப்படியில் சிரிப்புச் சத்தம். சமாளிக்க வேண்டுமே! "ரெக்ரஷன்னு ஏன் பேர் வந்துச்சு தெரியுமா? உயரமான அப்பா அம்மாவுக்குப் பிறக்கிற பிள்ளைங்க உயரம் சராசரி பக்கமா திரும்புதுன்னு 1886ல கால்டன்னு ஒருத்தர் எழுதினார்" என்றேன்.

"குட்டையா இருந்தா?"

"அதுவும் சராசரி பக்கம்தான்."

"அப்போ கணக்குல இவனுக்கு ஏறுமுகம்தான்" என்றாள் மனைவி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

இதற்குள் மகன் 33.5 கூட்டல் 7.5 எக்ஸ் என்று திருத்திவிட்டு, கேட்காத கணக்கு ஒன்றைப் போட ஆரம்பித்திருந்தான். அவனாக அல்ஜீப்ரா போட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணுமே படிக்கலைன்னா 33.5. பாஸுக்கு 35. குறையறது ஒன்றரை. அதை 7.5ஆல வகுத்தா 0.2 மணி நேரம். 12 நிமிஷம் படிச்சா பாஸ்ப்பா!"

"டேய், இந்தக் கோடு 1லிருந்து 5 வரைக்கும்தான் செல்லும். 10 மணி நேரம் போட்டுப் பார், நூத்துக்கு 108.5 வரும்."

"மேல போனா தப்பு வரும். நான் கீழதானே போறேன்? சரி, சேஃப்டிக்கு ஒரு நிமிஷம் சேர்த்துக்கறேன். 13."

புத்தகத்தைப் பிரித்து, ஹால் கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்தான். அதில் மணி எட்டு பத்து. நான் சாப்பிட்டு, கை கழுவி, செய்தி பார்த்து முடித்தேன். பையன் இன்னும் படித்துக்கொண்டிருந்தான். நாலைந்து பக்கம் தாண்டியிருப்பான்.

"அம்மா, இந்தக் கடிகாரத்துல முள்ளே நகர மாட்டேங்குதே?"

கால்குலேட்டரைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.