குரல் மட்டும் காணாமல் போன ஹெட்போன்

அப்பாவுக்குக் காலையில் காபியோடு கம்ப்யூட்டரில் செய்தி பார்க்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் தூங்குவார்களே என்று ஒரு நாள் மேசை டிராயரில் கிடந்த பழைய போன் ஹெட்செட்டை எடுத்து லேப்டாப்பில் மாட்டியிருக்கிறார். "வாய் அசையுது, சத்தத்தையே காணோம்" என்று என்னை எழுப்பினார். மியூட்டில் இல்லை. வால்யூமும் முழுக்க இருக்கிறது. அதே ஹெட்செட்டில் தொண்ணூறுகளின் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டேன். வயலின் கேட்கிறது, கோரஸ் கேட்கிறது. பாடகர் மட்டும் இல்லை. அவர் குரலின் எதிரொலி மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல லேசாக வந்தது.

இந்தக் கோளாறு எனக்கு ரொம்பப் பிடித்தது. சவுண்ட் டிரைவரை (ஒலிப் பகுதியை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டுத் திரும்பப் போடு, விண்டோஸை மாற்று என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் டிரைவர் கெட்டால் பாடகரை மட்டும் பொறுக்கி எடுக்கத் தெரியாது. சத்தம் எப்படிக் கெட்டிருக்கிறது என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாலே கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஹெட்போன் வயரில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பிப் போக ஒன்று. அந்தப் பொது வயரைத்தான் கிரவுண்ட் என்கிறார்கள். அது விட்டுப்போனால் மின்சாரத்துக்குத் திரும்ப வழி கிடையாது. இடது காதில் நுழைந்து வலது காது வழியாகத்தான் வெளியேற வேண்டும். அப்போது நமக்குக் கேட்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாடகரின் குரலைப் பொதுவாக இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் கலப்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து போய்விடும். ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்த வயலின் தப்பித்துக்கொள்ளும். செய்தி வாசிப்பில் இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றே, அதனால் முழு மௌனம்.

இதை உறுதிப்படுத்த ஒரு நல்ல வழி இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் அக்செஸிபிலிட்டி பகுதியில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தேன். மிச்சமிருந்த வயலினும் போய்விட்டது. அப்புறம் அதை அணைத்துவிட்டு, பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளினேன். பாடகர் இரண்டு காதிலும் திரும்ப வந்தார், சற்றுச் சன்னமாக. இந்த இரண்டும் நடந்தால் கிரவுண்ட் கோளாறுதான், சந்தேகமே வேண்டாம்.

பின்னை முழுக்க அழுத்தாமல் விட்டாலும் இப்படி ஆகும். அப்பாவின் ஹெட்செட்டில் காரணம் வேறு. மைக் உள்ள ஹெட்செட்டின் பின்னில் மூன்று வளையம், நான்கு தொடுமுனை. நுனியிலிருந்து முதல் இரண்டும் இடதும் வலதும். அடுத்தது கிரவுண்டா மைக்கா என்பதில் உலகத்தில் இரண்டு முறை இருந்தது. இப்போது பரவலாக இருக்கும் சிடிஐஏ முறையில் மூன்றாவது கிரவுண்ட், கடைசி மைக். பழைய ஓஎம்டிபி முறையில் நேர் எதிர். பழையதைப் புதிய ஜாக்கில் செருகினால் கிரவுண்ட் போய் மைக் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஹெட்செட் வயரில் போன் எடுக்க ஒரு சின்ன பட்டன் இருக்குமல்லவா, அழுத்தினால் அது மைக்கையும் கிரவுண்டையும் இணைத்துவிடும். அதை அழுத்திப் பிடித்தேன். செய்தி வாசிப்பவர் பாதி வாக்கியத்திலிருந்து பேச ஆரம்பித்தார். விட்டேன், நின்றுவிட்டது. அப்பா அதை வாங்கித் தானே நாலு தடவை அழுத்திப் பார்த்தார். இரண்டு முறைக்கும் நடுவே போடும் சின்ன கன்வர்ட்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். நாங்கள் வேறு ஹெட்செட் வாங்கிவிட்டோம்.

அம்மாவின் தொல்லை வேறு மாதிரி. அவர் ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். ஸ்ருதிப் பெட்டி ஆரம்பித்துச் சில விநாடிகளில் மாணவிகளுக்குக் கேட்காமல் போய்விடுகிறது என்றார்கள். மைக்கில் குறையில்லை. விடாமல் ஒரே சீராக ஒலிக்கும் எதையும் மின்விசிறி இரைச்சல் என்று எண்ணித்தான் வகுப்புச் செயலிகள் வடிகட்டுகின்றன. தம்புராவுக்கும் அதே கதி. நாய்ஸ் சப்ரஷனை அணைக்க வேண்டும். 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு வசதி இருந்தால் அதைப் போட வேண்டும். சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொருவரும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்ருதி கேட்காமல் குழந்தைகள் எதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள்? புளூடூத் ஹெட்செட்டில் வகுப்பு எடுத்தால் இன்னொன்று: அதன் மைக்கைத் திறந்ததும் எல்லாமே போன் பேச்சு மாதிரி ஆகிவிடும். மைக்குக்கு லேப்டாப்பில் உள்ளதையே தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

லேப்டாப்பை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தபோது வந்த 'ம்ம்ம்' என்ற உறுமல் பலர் வீட்டிலும் இருப்பது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும்தான் அப்படி உறுமும். சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றது. லேப்டாப் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் எதிர்ச் சுவரில் இன்னொரு பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆடியோ வயர் ஒரு வளையத்தை மூடிவிடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதும் பெருமளவு அடங்கியது. மிச்சத்துக்கு ஆடியோ வயரின் நடுவே, அந்த வளையத்தை அறுக்கும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். சார்ஜரின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று ஒரு எலக்ட்ரீஷியன் எங்களிடம் சொன்னார். நிற்கும்தான். ஆனால் எர்த் நம் உயிருக்காக வைத்தது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

மவுஸை நகர்த்தும்போது மட்டும் கிர்ர் என்றால் அது கேபினெட்டுக்குள் இருந்து வருவது. யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் போய்விடும். பாட்டு நடுநடுவே பட்பட்டென்று தெறித்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் நின்றால் வைஃபை டிரைவரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

கடைசியாக, அம்மாவின் குரு பாடிய கேசட்டுகள். உறவினர் ஒருவர் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். அம்மா ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை, "இது அவங்க ஸ்ருதி இல்ல" என்றார். அஞ்சு கட்டையில் பாடுகிறவர் அஞ்சரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ நின்றார். ஒரு பக்கம் 30 நிமிடம் ஓட வேண்டிய கேசட், ஃபைலில் 27½ நிமிடம். அந்தக் கணக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: விநாடிக்கு 44,100 மாதிரிகளாக (சாம்பிள்) பதிவானதை 48,000 என்று குறித்துவிட்டிருக்கிறது, அதனால் வேகமாக ஓடி ஸ்ருதியும் ஏறிவிட்டது. பிட்ச் மாற்றும் எஃபெக்ட் எதையும் போட வேண்டியதில்லை, போட்டால் குரல்தான் கெடும். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் டிராக்கின் மெனுவில் 'ரேட்' இருக்கிறது. அங்கே 44,100 என்று மாற்றி, திரும்ப ஃபைலாக எடுத்தேன். அம்மா ஸ்ருதிப் பெட்டியை அஞ்சு கட்டையில் வைத்துக் கூடவே பாடிப் பார்த்துவிட்டு, அடுத்த கேசட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.