பக்கத்து வீட்டுல முட்டை வைக்கிற குருவி

மாரி தொடங்கினா நம்மட திருகோணமலையில கரண்ட் வயர் வழிய வரிசையா வந்து இருக்கிற தகைவிலான் குருவிகளைப் பாத்திருப்பீங்க. அதுகளின்ர சொந்தக்காரன் ஒண்டு அமெரிக்காவில இருக்கு, கிளிஃப் சுவாலோ எண்டு பேர். இந்தப் பக்கம் வாறதே இல்ல, அங்க குளிர் தொடங்க தென்னமெரிக்காவுக்குப் போயிடும். வால் கட்டை, நெத்தியில வெளிறின ஒரு பொட்டு, அவ்வளவுதான், பாக்கப் பெரிய வடிவெண்டு சொல்லமாட்டன்.

ஆனா அதுகள் சீவிக்கிற விதம் இருக்கே! முந்தி மலைப்பாறையில கட்டினதுகள் இப்ப றோட்டுப் பாலத்துக்குக் கீழ கட்டுதுகள், ஈரமண்ணைச் சொண்டால உருண்டை உருண்டையாக் கொண்டுவந்து ஒட்டி, ஒரு கூட்டுக்கு கிட்டத்தட்ட ஆயிரம் உருண்டை போகுமாம், கடைசியில வாய் ஒடுங்கின குடுவை மாதிரி வந்திடும். மண் எடுக்கேக்க ரெண்டு செட்டையையும் முதுகுக்கு மேல தூக்கி படபடவெண்டு அடிச்சுக்கொண்டே நிக்கும்.

அமெரிக்காவின்ர நெப்ராஸ்கா மாநிலத்தில ஆயிரக்கணக்கான கூடு ஒண்டோட ஒண்டு ஒட்டினபடி இருக்கிற இடமெல்லாம் இருக்கு. அப்பிடி நெருங்கி இருந்தா களவும் நடக்கும்தானே. பொம்பிளைக் குருவி பக்கத்துக் கூட்டுக்க பூந்து முட்டை வைச்சிட்டு வந்திடும், சிலது இன்னும் மோசம், தன்ர கூட்டில வைச்ச முட்டையையே சொண்டில கவ்விக்கொண்டுபோய் அங்க வைக்குமாம். வளக்கிற பாடு அவைக்கு!

மூட்டைப்பூச்சி இனத்தில ஒரு பூச்சியும் கூடுகளில நிறைய இருக்கு, குஞ்சுகளின்ர ரத்தத்தைக் குடிச்சு மெலிய வைச்சிடும். இவ்வளவு கரைச்சலுக்குள்ள ஏன் கூட்டமா இருக்கவேணும் எண்டா, சாப்பாட்டுக்குத்தான். பூச்சி கிடைக்காமத் திரும்பி வந்தது, வாய் நிறையக் கொண்டுவாற பக்கத்து வீட்டுக்காரனைப் பாத்து வைச்சு, அது அடுத்தமுறை போகேக்க பின்னால போயிடும். இது எனக்கு சரியாப் பிடிச்சுது.

இதெல்லாம் சார்ல்ஸ் பிரவுன், மேரி பொம்பர்கர் பிரவுன் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் 1982 இல இருந்து நெப்ராஸ்காவிலயே நிண்டு பாத்தது. வாகனத்தில அடிபட்டு றோட்டில கிடந்த குருவிகளையும் பொறுக்கி செட்டையை அளந்திருக்கினம், அந்தக் கணக்கு 2013 இல வெளிவந்தது. குருவி கூடிக்கொண்டு போக அடிபட்டுச் சாகிறது மட்டும் வருசா வருசம் குறைஞ்சிருக்கு, செத்ததுகளின்ர செட்டை நீளம், உயிரோட இருக்கிறதுகளுக்குக் கட்டை. கட்டைச் செட்டையெண்டா றோட்டில இருந்து டக்கெண்டு நேரா மேல எழும்பேலும். வெறும் 30 வருசத்தில!