அண்ணாச்சியின் பஜேரோவும் ஏறுகிற முள்ளும்

மார்ச் 3, 2025, திங்கள்

சேரன்மகாதேவிப் பக்கத்து அண்ணாச்சியின் பஜேரோ இன்று மத்தியானம் டிராக்டரில் கயிறு கட்டி என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. 2005 மாடல். 2.8 லிட்டர் டர்போ டீசல், 4எம்40 எஞ்சின். திருவள்ளூர் ஆலையில் கோத்து இறக்கிய வண்டி. அந்தக் காலத்தில் இதை வைத்திருந்தவர் பாளையங்கோட்டையில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வாசலிலேயே நிறுத்த இடம் விடுவார்கள். இப்போது பானெட்டைத் தொட்டால் பெயின்ட் கையோடு வருகிறது.

அண்ணாச்சி சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும்போது காரையாறு ஏற்றத்தில் ஹீட் ஆகி ஆவி அடித்தது. அது பட்டப்பகலில். ராத்திரியில் சமதரையில் ஓட்டினாலும் லைட்டும் ஏசியும் போட்டதும் முள் சிவப்புக்குப் போகிறது, ஆனால் ஆவி இல்லை, தண்ணீரும் குறையவில்லை. இரண்டு ராத்திரி வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி படுத்துவிடுகிறது. பேட்டரி நன்றாக இருக்கிற நாளிலும் செல்ஃப் முக்கி முனகித்தான் சுற்றுகிறது.

ஏற்கெனவே பார்த்த பட்டறையில், எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் காட்டி "ஹெட்டு போயிட்டு, இறக்கணும்" என்று சொல்லி, ஒரு பழைய மாருதி வாங்குகிற தொகையும் கேட்டிருக்கிறார்கள்.

"டக்கார் பந்தயத்துல பன்னெண்டு தடவ ஜெயிச்ச வண்டி தம்பி. அதுக்கா இந்தக் கதி?"

அந்தப் பாலைவனப் பந்தயத்தில் ஜெயித்தது உண்மைதான், 1985-இல் தொடங்கி 2007 வரைக்கும் 12 முறை. ஆனால் அந்த வண்டிகளுக்குப் பின்னால் லாரி லாரியாக உதிரிப் பாகங்களும் மெக்கானிக்குகளும் போனார்கள். அண்ணாச்சி வண்டிக்குப் பின்னால் போனது அவருடைய உர மூட்டைகள் மட்டும்தான்.

எனக்குப் பட்டது இது: ஆவி வருகிற சூடும் ஆவி வராத சூடும் ஒரே காரணத்தால் வந்திருக்க முடியாது. இரண்டு வியாதி என்று வைத்துக்கொண்டே கை வைக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில்தான் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற தகட்டைப் பார்க்க வேண்டும். பட்டறைப் பையனைக் காலையில் சீக்கிரமே வரச்சொல்லியிருந்தேன். செல்ஃப் அடித்தவுடன் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தால் மெத்தென்று இருந்தது. கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீர் சுடுவதற்கு முன்பே, சிலிண்டர் காற்று தள்ளி ஹோஸ் கல்லாகிவிடும். ரேடியேட்டர் வாயில் குமிழியும் இல்லை. கடைசியாக நீல மருந்துச் சோதனை: ரேடியேட்டர் வாயில் குழாயை வைத்து உள்ளே இருக்கிற காற்றை மருந்து வழியாக இழுப்போம், எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் நிறம் மாறும். நீலம் நீலமாகவே இருந்தது.

ஆக, ஹெட் நன்றாக இருக்கிறது. இந்த எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் சூடேறினால் முதலில் ஹெட்டைச் சந்தேகப்படுவது நியாயம்தான். சந்தேகத்துக்கு ஒரு சோதனைகூடச் செய்யாமல் ஸ்பானரை எடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. செலவு அதிகமான பதில் முதலில் வாயில் வருவது எங்கள் தொழிலின் பழைய கெட்ட பழக்கம்.

வடித்த தண்ணீர் செம்மண் நிறம். கூலன்ட் வாசமே இல்லை. தோட்டத்து போர் தண்ணீர் என்று அண்ணாச்சியின் டிரைவர் ஒப்புக்கொண்டார். வாசலில் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது, இவர்கள் உப்புத் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். கால்வாய்த் தண்ணீரும் ஊற்றக்கூடாதுதான், ஆனாலும்.

அடுத்த கூத்து, தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. "ஹீட் ஆகுதுன்னு எடுத்துட்டாங்க" என்றார் டிரைவர். நம் ஊரில் பாதிப் பட்டறைகளில் இதுதான் வைத்தியம். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறந்து, பைபாஸ் வழியை மூடுகிற மாதிரியான வால்வாக இருந்தால், அதைக் கழற்றியதும் பைபாஸ் திறந்தபடியே நின்றுவிடும். வெந்நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே திரும்பும். ஏற்றத்தில் அதுவே போதும்.

மார்ச் 5, புதன்

ரேடியேட்டரை இறக்கி, ரேடியேட்டர் வேலை பார்க்கிற மேலப்பாளையம் பாயிடம் கொண்டுபோனேன். யாரோ முன்பே மாற்றிப்போட்ட செம்பு கோர் என்பதால் தொட்டியைப் பிரித்துக் குத்தி எடுக்க முடிந்தது. அடிப்பக்கக் குழாய்களில் பாதி அடைப்பு. பாய் மெல்லிய கம்பியை விட்டு இழுக்க இழுக்க, மஞ்சள் நிறத்தில் உப்புப் பொருக்கு தட்டுத் தட்டாக விழுந்தது.

நான் வேறொன்றை எதிர்பார்த்துத்தான் இறக்கச் சொன்னேன். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. இறக்கிப் பார்த்ததும் அங்கே ஒரு மெத்தையே இருந்தது: நெற்பதர், வைக்கோல் தூசி, செத்த வெட்டுக்கிளி, எருக்கம் பஞ்சு. பிசான நெல் அறுவடை நடக்கிற வயலுக்குள் அறுப்பு எந்திரத்துக்குப் பின்னாலேயே வண்டியைக் கொண்டு நிறுத்தினால் ஃபேன் இழுக்கிற காற்றோடு இதெல்லாம் வராமல் என்ன செய்யும்? பையன் கையாலேயே உரித்து எடுத்தான். ஒரு ஓரம் கிழியாமல் போர்வையாக வந்தது.

பிரஷர் வாஷரை நேராக அடிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். மெல்லிய தகடு மடங்கிவிட்டால் காற்றுப்பாதை நிரந்தரமாக அடைத்துவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில், பொறுமையாக.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். மூடியில் 0.9 என்று அடித்திருப்பது அழுத்தக் கணக்கு. அந்த அழுத்தம் நின்றால் தண்ணீர் 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் தாங்கும். பழைய மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தமே நிற்கவில்லை. 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே வந்துவிடும். காரையாற்று ஆவிக்குக் காரணம் பெரும்பாலும் கிடைத்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

புது வால்வ், புது ஹோஸ், பாதிக்குப் பாதி கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும். காற்று வெளியேறும் வரை ஹீட்டரைத் திறந்துவைத்து ஓடவிட்டேன். லேசர் தெர்மாமீட்டரில் வால்வ் வாயில் 86 டிகிரி, ரேடியேட்டர் அடியில் 61. நல்ல கணக்கு.

சாயங்காலம் லைட் போட்டு, ஏசி ஊதலை முழுக்க வைத்தேன். முள் மெதுவாக ஏறிச் சிவப்பைத் தொட்டது. மறுபடி தெர்மாமீட்டரைக் காட்டினால் அதே 86.

பக்கத்தில் நின்ற பையன்தான் பார்த்தான். "அண்ணே, டீசல் முள்ளும் ஏறுது பாருங்க."

ஏறியது. காலில் இருந்து அரைக்கு. யாரும் டீசல் ஊற்றவில்லை. லைட்டை அணைத்தேன், இரண்டு முள்ளும் ஒன்றாக இறங்கின. போட்டேன், ஒன்றாக ஏறின. தொட்டியும் எஞ்சினும் வண்டியின் இரண்டு முனையில் இருக்கின்றன, சென்சார்களும் வேறு வேறு. இரண்டுக்கும் பொதுவானது மீட்டர் போர்டும், அதிலிருந்து கரன்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழியான எர்த்தும்தான்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை மீட்டர் போர்டு எர்த் ஒயரிலும் வைத்தேன். எல்லாம் அணைந்திருக்கும்போது ஒன்றுமில்லை. லைட்டும் ஊதலும் போட்டதும் 1.7 வோல்ட். எர்த் என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் இது. போர்டின் எர்த் இப்படித் தூக்கிக்கொண்டால் உள்ளே இருக்கிற சுருள்களின் சமநிலை கெட்டு, சென்சார் சொல்லாத சூட்டை முள் காட்டும், இல்லாத டீசலையும் காட்டும்.

டிரைவர் பக்கம் கால் வைக்கிற இடத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினால் எர்த் போல்ட். ஒரே போல்ட்டில் கம்பெனி ஒயரோடு இன்னும் ஏதேதோ கறுப்பு, மஞ்சள் ஒயர்கள். அடுக்கிய ஒயர் முனை வளையங்களுக்கு நடுவில் பெயின்ட், மேலே பச்சைக் களிம்பு. மழைக்காலத்தில் கதவு ரப்பர் வழியாக ஒழுகிய தண்ணீர் அங்கே தேங்கியிருக்கிறது. போல்ட்டைக் கையாலேயே அரைச் சுற்று திருப்ப முடிந்தது.

தகட்டைப் பளபளவென்று தேய்த்து, கம்பெனி எர்த்தை மட்டும் அதில் கட்டி, வாசலின் ஜெல்லி தடவினேன். மற்றதைத் தனியே வேறொரு போல்ட்டில் கட்டினேன். மறுபடி அளந்தால் 0.04 வோல்ட். லைட், ஊதல், வைப்பர், ஹாரன் எல்லாம் போட்டுப் பார்த்தேன். முள் அசையவில்லை. எஞ்சினிலிருந்து பாடிக்கு வருகிற பின்னல் எர்த் ஸ்ட்ராப்பும் பாதி இற்றுப்போயிருந்தது. அதை மாற்றியதும் செல்ஃப் ஒரே அடியில் எடுத்தது.

மார்ச் 8, சனி

பேட்டரி படுக்கிற கதை. கதவெல்லாம் பூட்டி, கொஞ்ச நேரம் கழித்து நெகட்டிவில் மீட்டரைத் தொடராகக் கோத்தேன். 0.9 ஆம்பியர். நிற்கிற வண்டிக்கு 0.05 போதும். ஒரு நாளைக்கு 21 ஆம்பியர்-மணிக்கு மேல் வீணாகிறது, பேட்டரியோ 70. அதுவும் பழசு. குளிர்ந்த டீசல் எஞ்சினைச் சுற்ற என்ன மிஞ்சும்?

ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவினோம். எதை உருவினாலும் 0.9 அப்படியே நின்றது. அப்படியென்றால் ஃப்யூஸ் பெட்டிக்கு வராமலே பேட்டரியில் நேராக ஒன்று குடிக்கிறது. நேற்று வேறு போல்ட்டுக்கு மாற்றிய ஒயர்களில் ஒன்றைத் தடவிக்கொண்டே போனேன். கார்பெட்டுக்கு அடியில் பின் சீட் வரைக்கும் போயிற்று. சீட்டைத் தூக்கினால் ஒரு மைக் செட் ஆம்ப்ளிஃபையர். தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. சுவிட்சை ஆன் பக்கம் தள்ளி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அது முன்னால வச்சிருந்தவரு கட்சிக்காரருப்பா. எலெக்‌ஷனுக்குப் போட்டிருப்பாரு. நான் அதத் தொட்டதே இல்ல."

எந்தத் தேர்தலோ, ஓட்டு எண்ணி முடித்த பிறகும் அது விடியவிடிய விழித்திருந்திருக்கிறது. கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஊர்க் கோயில் கொடைக்கு ஆகும் என்று வாங்கிக்கொண்டார். இப்போது 0.03.

மார்ச் 11, செவ்வாய்

ஞாயிறு ஒரு வளைகாப்பு, திங்கள் வேறு வண்டிகள். இன்று மறுபடி பஜேரோ.

ஹெட்லைட்டில் 100/90 வாட் பல்பு போட்டு, அந்தக் கரன்ட் முழுவதையும் லைட் சுவிட்ச் வழியாகவே விட்டிருக்கிறார்கள். இரண்டு பல்புக்கு 15 ஆம்பியருக்கு மேல். சுவிட்ச் பின்னால் பிளாஸ்டிக் கருகி உருகியிருக்கிறது. 60/55 பல்பு மாட்டி, சுவிட்ச் சொன்னபடி பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற ரிலேயும் தனி ஃப்யூஸும் வைத்து, பேட்டரியிலிருந்து கனமான ஒயர் இழுத்தேன். வெளிச்சம் முன்பைவிடக் கூடுதல். வாட் குறைந்தும் வெளிச்சம் எப்படிக் கூடியது என்று டிரைவருக்கு ஆச்சரியம். முன்பு வோல்ட் பல்பு வரைக்கும் போய்ச் சேரவே இல்லை.

ஃபேன் கிளட்ச் மட்டும் மிச்சம், சூடேறினால் ஃபேனை எஞ்சினோடு பிடித்துச் சுற்றவிடுகிற பாகம். நன்றாகச் சூடாக்கி எஞ்சினை நிறுத்தினால் நல்ல கிளட்சில் ஃபேன் சட்டென்று நிற்கும். இதில் மின்விசிறியை அணைத்த மாதிரி சாவகாசமாகச் சுற்றி நின்றது. முன்பக்க பேரிங்கைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுக்கு, உள்ளே இருந்த சிலிகான் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறது. மெதுவாகப் போகும்போதும் ஏற்றத்திலும்தான் ஃபேன் வேலை செய்ய வேண்டும், அப்போது இது சும்மா உருண்டிருக்கிறது. போல்ட் அடித்துப் பூட்டிவிடலாம் என்று டிரைவர் யோசனை சொன்னார். செய்தால் ஹைவேயில் சத்தம் காதைக் கிழிக்கும், டீசலையும் குடிக்கும். மதுரையில் புதுசு சொல்லியாயிற்று.

மார்ச் 15, சனி

கிளட்ச் மாட்டியாயிற்று. அண்ணாச்சியையும் ஏற்றிக்கொண்டு காரையாறுக்கே போனோம், வெயில் உச்சியில் இருக்கிற நேரமாகப் பார்த்து, ஏசியோடு. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, விக்கிரமசிங்கபுரம் வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை. பாபநாசம் செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர் பிளாஸ்டிக், பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விட்டார். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தபோதுதான் எனக்கு வேண்டிய சோதனை கிடைத்தது. ஃபேன் பிடித்து உறுமுகிற சத்தம் வந்தது, வளைவு தாண்டியதும் அடங்கியது. முள் நடுவுக்குக் கீழேயே நின்றது. கோயில் வாசலில் பானெட்டைத் திறந்து தெர்மாமீட்டர் வைத்தேன், 89.

அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு வந்தார். இருட்டிய பிறகு லைட் போட்டுத் திரும்பினோம். சேரன்மகாதேவி நெருங்கும்போது மீட்டர் போர்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தவர் கேட்டார்:

"ஏ தம்பி, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ராத்திரியில முன்னல்லாம் டீசல் இம்புட்டுச் சீக்கிரம் குறையாதே?"