நியூ ஹேவன்ல இருந்து இலியன் வரைக்கும்: கைமாறின துப்பாக்கிகளைத் தேடி ஒரு டிரைவ்

நியூ ஹேவன் போனா நம்மாளுங்க யேல் யுனிவர்சிட்டியைச் சுத்திட்டு, வூஸ்டர் ஸ்ட்ரீட்ல லைன்ல நின்னு பீட்சா சாப்பிட்டுக் கிளம்பிடுவாங்க. நாங்க போனது வேற விஷயத்துக்கு. என் மச்சான் கனெக்டிகட்ல ரொம்ப வருஷமா இருக்கார், நவம்பர் வந்தா மான் வேட்டைக்குக் காட்டுக்குள்ள போயிடுவார், பழைய ரைஃபிள்னா அவருக்கு உசுரு. "வின்செஸ்டர், மார்லின்னு ரெண்டு பெரிய துப்பாக்கிக் கம்பெனியும் பொறந்தது இந்த ஊர்லதான் மாப்ள, வா காட்டறேன்"னு கூட்டிட்டுப் போனார்.

வின்செஸ்டர் அவென்யூல பெரிய பெரிய செங்கல் கட்டடமா நிக்குது. 1866-ல ஆரம்பிச்ச கம்பெனி. இப்ப அங்க அபார்ட்மென்ட்டும் ஆபீஸும்தான், துப்பாக்கி செய்யறது 2006 மார்ச்ல நின்னு போச்சு.

முதலாளி மாறினாலே சரக்கு கெட்டுடும்னு பொதுவா சொல்வாங்கல்ல, வின்செஸ்டர் கதை அப்படிப் போகலை. 1931-ல கம்பெனி திவாலாகி, தோட்டா செஞ்சிட்டிருந்த ஆலின் குடும்பம் வாங்குது, அதுக்கப்புறம்தான் 1936-ல மாடல் 70 வருது. வேட்டைக்காரங்க இன்னிக்கும் தலைல வச்சுக் கொண்டாடற ரைஃபிள். அதே ஆலின் கையில இருக்கும்போதேதான் 1964-ல செலவைக் குறைக்கணும்னு டிசைனையே மாத்தி அதைக் கெடுத்ததும் நடந்துச்சு.

என்ன கெட்டுச்சுன்னு எனக்குப் புரிஞ்சது வழியில ஒரு துப்பாக்கிக் கடையிலதான். கடைக்காரர் பெரியவர், ரெண்டு மாடல் 70-ஐப் பக்கத்துல பக்கத்துல கவுண்டர்ல வச்சார், ஒண்ணு 1950-கள்ல செஞ்சது, இன்னொண்ணு 64-க்குப் பிறகு. பழசோட மரக்கட்டையில பிடிக்கிற இடத்துல கட்டம் கட்டமா செதுக்கியிருக்காங்க, ஒவ்வொரு கட்டமும் கூரா மேல எழும்பி நிக்குது, உள்ளங்கையில லேசா குத்துது, ஈரக் கையில பிடிச்சாலும் வழுக்காது. புதுசுல சூடான அச்சை வச்சு அமுக்கியிருக்காங்க, அதனால கட்டம் உள்வாங்கிக் கிடக்கு, தடவினா வழவழன்னு இருக்கு. அப்புறம் போல்ட்டை, அதாவது தோட்டாவை பேரலுக்குள்ள தள்ளுற எஃகுத் தண்டைக் கழட்டிக் காட்டினார். பழசுல பக்கவாட்டுல நீளமா ஒரு எஃகுக் கொக்கி, தோட்டா அடுக்கி வைக்கிற மாகசின்ல இருந்து தோட்டா மேல வரும்போதே அதோட விளிம்பைக் கவ்விப் பிடிச்சுக்கும், துப்பாக்கியைத் தலைகீழாப் பிடிச்சு போல்ட்டைத் தள்ளினாலும் தோட்டா கீழ விழாது. எதிர்ல கரடி நிக்கும்போது இதுதான் வேணும். 64-க்கு அப்புறம் அந்தக் கொக்கியை எடுத்துட்டு, போல்ட் தோட்டாவைச் சும்மா தள்ளிவிடற மாதிரி ஆக்கிட்டாங்க. சுடறதுல ஒண்ணும் குறை இல்ல, ஆனா நம்பிக்கை போயிடுச்சு. 64-க்கு முந்தினதுக்கு "ப்ரீ-64"ன்னு ஒரு பேரே நிலைச்சுடுச்சு, அந்தப் பேர் இருந்தா விலையே தனி.

பிறகு 1981-ல ஊழியர்களே சேர்ந்து ஃபாக்டரியை எடுத்து நடத்தினாங்க, 1986-ல அதுவும் திவால், அப்புறம் எஃப்என்ங்கிற பெல்ஜியம் துப்பாக்கிக் கம்பெனி கைக்குப் போச்சு. 90-கள்ல அந்தக் கொக்கி திரும்பி வந்துச்சு. இப்ப லீவர் ஆக்‌ஷன், அதாவது கீழ இருக்கிற லீவரை இறக்கி ஏத்தித் தோட்டா மாத்தற மாடல் 94-ஐ ஜப்பான்ல மிரோக்குங்கிற கம்பெனி செய்யறாங்க, மச்சான்கிட்ட ஒண்ணு இருக்கு, மரமும் இரும்பும் சேர்ற இடத்துல நகம்கூட நுழையாது.

மார்லின் கதைதான் எனக்கு மனசுல தங்கிடுச்சு. 1924-ல ஏலத்துல வெறும் 100 டாலருக்கு ஃபிராங்க் கென்னான்னு ஒருத்தர் வாங்கினார், கூடவே ஒரு லட்சம் டாலர் அடமானக் கடனையும் தலைல ஏத்திக்கிட்டார். அந்தக் குடும்பம் எண்பது வருஷத்துக்கு மேல நடத்திச்சு. 1948-ல வந்த மாடல் 336 அமெரிக்க மான் வேட்டைக்காரங்க வீட்டுல அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்குப் போற துப்பாக்கி. பேரல்ல சின்னதா "ஜேஎம்"னு ஒரு முத்திரை இருக்கும், கடையில அதைத்தான் முதல்ல தேடறாங்க.

2007 கடைசியில ரெமிங்டன்ங்கிற இன்னொரு பழைய துப்பாக்கிக் கம்பெனி மார்லினை வாங்கறதா அறிவிச்சாங்க. ரெமிங்டனையே அந்த வருஷம் செர்பரஸ்ங்கிற முதலீட்டு கம்பெனி வாங்கியிருந்துச்சு. நார்த் ஹேவன் ஃபாக்டரியை 2011-ல மூடி, மெஷினை எல்லாம் லாரியில ஏத்தி நியூயார்க் ஸ்டேட்ல ரெமிங்டன் ஃபாக்டரி இருந்த இலியனுக்கு அனுப்பிட்டாங்க. மெஷின் போச்சு, ஆளுங்க போகலை, அங்கதான் எல்லாம் கெட்டுச்சு. அரதப் பழசு மெஷின், பேப்பர்ல இருந்த டிராயிங் நிஜத்துல செய்யற பாகத்தோட ஒத்துப்போகலை, எந்த மெஷினை எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணணும்னு அதுல நின்னவங்களுக்குத்தான் தெரியும். பிரியாணி மாஸ்டர் போனப்புறம் அண்டாவை மட்டும் வாங்கிட்டு வந்த கதைதான்.

நாங்களும் மாசசூசெட்ஸ் நெடுஞ்சாலை (மாஸ் பைக்) வழியா இலியன் வரைக்கும் கார்ல போனோம். மோஹாக் பள்ளத்தாக்கு, பழைய ஈரி கால்வாய் போன வழி, சின்ன ஊரு, நடுவுல ஊரைவிடப் பெருசா ஃபாக்டரி. எலிஃபலட் ரெமிங்டன் 1816-ல ஆரம்பிச்ச தொழில் இந்தப் பக்கம்தான், 2024 மார்ச்ல இதையும் மூடிட்டு ஜார்ஜியா போயிட்டாங்க. அங்க செஞ்ச ஆரம்பகால மார்லின்ல குறிமுள் (குறி பாக்க பேரல் நுனியில இருக்கிற முள்) கோணலா இருக்கும், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல இடைவெளி, லீவர் கரகரன்னு ஓடும், "ரெம்லின்"னு பேர் வச்சுத் திட்டினாங்க. ஆனா இலியன் தொழிலாளிங்களைத் திட்டறது நியாயமே இல்லங்க. இதே கைங்கதான் காலங்காலமா ரெமிங்டனோட மாடல் 700 ரைஃபிளும் 870 ஷாட்கன்னும் செஞ்சது. இன்னொரு ஊரோட துப்பாக்கியைச் சரியான டிராயிங்கூட இல்லாம கொடுத்து, சீக்கிரம் செய், நிறைய செய்னா அவங்க என்ன பண்ணுவாங்க? போகப் போக அவங்களே அதைத் தேத்தவும் செஞ்சாங்க, கடைசி சில வருஷத்து ரைஃபிள்ங்க பரவால்லன்னுதான் கடைக்காரரும் சொன்னார். ஆனா ரெமிங்டனுக்குத் தலைக்கு மேல கடன், 2018-ல ஒரு திவால், 2020-ல இன்னொண்ணு.

அந்த ரெண்டாவது திவால்லதான் ரூகர்ங்கிற இன்னொரு அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி மார்லினை ஏறக்குறைய 3 கோடி டாலருக்கு ஏலத்துல எடுத்தாங்க. எடுத்த உடனே விக்கலை. நார்த் கரோலினாவுல மேயோடன் ஃபாக்டரியில வச்சு டிராயிங்கைப் புதுசாப் போட்டு, கம்ப்யூட்டர்ல ஓடற புது சிஎன்சி மெஷின்ல ஏத்தி, ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு 2021 டிசம்பர்லதான் முதல் ரைஃபிளை வெளிய விட்டாங்க, மாடல் 1895 எஸ்பிஎல். சந்தையில அவ்வளவு கேட்டுக்கிட்டிருக்கும்போது ஒரு வருஷம் பொறுத்திருந்தாங்க பாருங்க, அதுக்கே நான் அவங்களை மதிக்கிறேன்.

திரும்பி வரும்போது மச்சான் மறுபடி அந்தக் கடையில நிறுத்தினார். ஜேஎம் முத்திரை போட்ட பழைய 336 ஒண்ணும் மேயோடன் 1895 ஒண்ணும் எடுத்துப் பாத்தார். லீவரை மெதுவா இறக்கி ஏத்தி, காதுகிட்ட வச்சு சத்தம் கேட்டு, குறிமுள் நேரா இருக்கான்னு பின்னாடி நின்னு ஒத்தக்கண்ணால பாத்து, ரொம்ப நேரம். கடைசியில மேயோடன்ல செஞ்சதுக்குத்தான் பில் எழுதச் சொன்னார்.